ரப்பர் ஸ்டாம்பில் நிற்கும் சின்னம்

புதிதாகக் கடை வைக்கிறவர்களும், வீட்டிலேயே பொடியோ ஊறுகாயோ செய்து விற்கத் துணிகிறவர்களும், டிசைன் தொழிலில் இருக்கிற என்னைப் போன்றவர்களிடம் வந்து முதன்முதலில் கேட்கிற கேள்வி, ‘லோகோ செய்ய என்ன ஆகும்?’ என்பதுதான். கேள்வி நியாயமானதே என்றாலும், ஒரு தொகையைச் சொல்லி அதோடு பேச்சை முடித்துக்கொள்வது அவர்களுக்குச் செய்கிற உபகாரமாக எனக்குத் தோன்றுவதில்லை. ஒரு சிறு வியாபாரத்தின் சின்னம், கம்ப்யூட்டர் திரையை விட்டு இறங்கி, பில் புத்தகத்தின் மெல்லிய தாளிலும், அட்டைப் பெட்டியின் முரட்டுப் பக்கத்திலும், துணிப் பையிலும், மை வற்றிப் போன ரப்பர் ஸ்டாம்பிலும் போய் உட்கார்ந்து, அத்தனை இடங்களிலும் ஒரே முகத்தோடு ஜனங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு உள்ள மூலதனமும் விளம்பர பலமும் தமக்கு இல்லையே என்று சிறு வியாபாரிகள் மனம் வருந்திச் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். அந்த இல்லாமையைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டால், அதுவே நல்ல வடிவத்தைப் பெற்றுத் தந்துவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கான காரணங்களையும், அச்சகத்துக்குப் போகுமுன் அறிந்திருக்க வேண்டிய சில விஷயங்களையும் இங்கே நிதானமாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

இந்த அபிப்பிராயத்துக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சிவகாசியின் பழைய தீப்பெட்டி லேபிள்களைப் பார்த்தால் போதும். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பிய பிறகு, மழை பொய்த்த அந்தக் கரிசல் பூமியில் ஒரு புதிய ஜீவனோபாயம் வேரூன்றியதை நாம் அறிவோம். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்குச் சுற்றுத்தாள் வேண்டும் என்கிற நிர்ப்பந்தத்தால் அச்சுத் தொழிலும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. அந்த ஆரம்ப காலத்து அச்சு, ‘லித்தோ’ எனப்படும் கல்லச்சு. எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒன்றோடொன்று சேராது என்கிற சாதாரண உண்மையை ஆதாரமாகக் கொண்டு, ஜெர்மனியைச் சேர்ந்த அலோய்ஸ் செனபெல்டர் என்பவர் 1796-ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்த முறை அது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் பசையுள்ள மையால் எழுதி, கல்லை நனைத்து, பிறகு அச்சு மையை உருட்டினால், எழுதிய இடம் மட்டுமே மையை ஏற்றுக்கொள்ளும். ஒரு வர்ணத்துக்கு ஒரு கல். நான்கு வர்ணம் வேண்டுமானால் நான்கு கல். ஒவ்வொரு தாளும் நான்கு தடவை அச்சேற வேண்டும். நான்கு தடவையும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும்.

இப்படிப்பட்ட நிலையில், இரண்டு விரல் அகலமே உள்ள ஒரு லேபிளுக்குப் படம் எழுதிய கலைஞர் வர்ணத்தைச் சிக்கனமாகச் செலவிடாமல் வேறு என்ன செய்ய முடியும்? ஒரு சேவல், ஒரு மான், ஒரு சாவி, ஒரு விளக்கு என்று ஒரே ஒரு உருவத்தை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றித் தடித்த கரை கட்டி, சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக இரண்டு மூன்று வர்ணங்களோடு அவர் முடித்துக்கொண்டார். அந்தக் கட்டுப்பாட்டினால் விளைந்த நன்மையோ பெரிது. எழுத்தறியாத ஒருவர் பெட்டிக்கடையில் நின்றுகொண்டு, ‘அந்த மான் போட்டது ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வாங்கிக்கொண்டு போக முடிந்தது. தயாரித்தவரின் பெயரை அறியாமலே, அவருடைய சரக்கை அடையாளம் கண்டு, நேற்று வாங்கியதையே இன்றும் வாங்குகிற அந்த நம்பிக்கைதான் வியாபாரச் சின்னத்தின் ஜீவன். இதற்கு மேல் ‘பிராண்டிங்’ என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தீப்பெட்டிக்கு அடுத்தபடியாகச் சிவகாசி நமக்குக் கொடுத்தது காலண்டர். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் தீட்டிய லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்களில் பிரதிகளாகி, தென்னாட்டு வீடுகளின் சுவரெங்கும் நிறைந்திருந்தன. அந்தப் படங்களின் கலை நயத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் உண்டு. நான் கவனிக்கச் சொல்வது படத்துக்குக் கீழே விடப்பட்ட வெற்றிடத்தை. ஒரே படம் ஆயிரக்கணக்கில் அச்சாகி வரும். அந்த இடத்தில் மட்டும் ஒருவருடைய மளிகைக் கடைப் பெயரும், இன்னொருவருடைய ஜவுளிக் கடைப் பெயரும், வேறொருவருடைய நகைக் கடைப் பெயரும் தனித்தனியே ஏறும். தனக்கென்று ஓவியரை அமர்த்திக்கொள்ள வசதியில்லாத கடைக்காரரும் இதனால் ஓர் உயர்ந்த படத்தோடு தம் பெயரைச் சேர்த்து, வாடிக்கையாளரின் கூடத்தில் வருஷம் முழுவதும் இருக்க முடிந்தது. இன்றும் ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பவர்களில் பலர் நம் ஊரைப் போன்ற ஊர்களின் சிறு வியாபாரிகள்தாம். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: படத்தைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது, கீழே வரப்போகிற உங்கள் பெயரின் எழுத்தைப் பற்றி யோசிக்கச் செலவிடுங்கள். கடையின் போர்டில் ஒரு எழுத்து, பில்லில் ஒரு எழுத்து, காலண்டரில் வேறொரு எழுத்து என்று இருந்தால், ஒரே மனிதர் மூன்று இடங்களில் மூன்று பெயர் சொல்லிக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இனி, சமீபத்தில் செய்த ஒரு வேலையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வீட்டில் இட்லிப் பொடி அரைத்து அக்கம்பக்கத்துத் தெருக்களில் விற்று நல்ல பெயர் எடுத்திருந்த ஓர் அம்மையார், கடைகளுக்கும் போடலாம் என்று தீர்மானித்து லேபிளுக்காக வந்தார். எங்கள் ஊரில் என்னைவிட மூத்த பெண்மணிகள் எல்லோரும் எனக்கு அக்காமார்தாம்.

“தம்பி, எதையும் விட்டுடாதீங்க. மேல எங்க குலசாமி படம், பக்கத்துல என் போட்டோ, கீழ ஒரு தட்டுல இட்லி, நாலு மிளகாய், அப்புறம் போன் நம்பர் மூணும் வரணும்” என்றார்.

அவர் சொன்ன அத்தனையையும் வைத்து ஒரு மாதிரி தயாரித்து, அதை ஸ்டாம்பு அளவுக்கு, அதாவது முக்கால் அங்குலத்துக்குக் குறைத்து, கறுப்பு வெள்ளையில் பிரதி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். முகம், இட்லி, மிளகாய் எல்லாம் கலந்து ஒரு கறுப்புத் திட்டாக இருந்ததே தவிர, ஒன்றும் விளங்கவில்லை. “அக்கா, உங்க பொடியை ஜனங்க என்ன பேர் சொல்லிக் கேக்குறாங்க?” என்று விசாரித்தேன்.

“பேரா? ‘உரல் வீட்டுப் பொடி’ன்னுவாங்க. எங்க மாமியார் காலத்து ஆட்டுரல் ஒண்ணு திண்ணையோரம் சும்மா கெடக்குது, அதை வச்சு அடையாளம் சொல்றாங்க.”

“அப்ப அதான் அக்கா உங்க லேபிள்.”

குலதெய்வத்தின் படத்தை விடுவதற்கு மட்டும் அவர் மனம் இசையவில்லை. பொடி தீர்ந்ததும் கிழிந்த பாக்கெட்டு குப்பைத் தொட்டிக்குப் போகும் என்பதை எடுத்துச் சொன்னதும் அந்தக் கணமே ஒப்புக்கொண்டார். தெய்வத்தின் பெயர், நம் பழைய வழக்கப்படி, பில் புத்தகத்தின் உச்சியில் பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘துணை’ என்ற சொல்லோடு கௌரவமாக இடம்பெற்றது. லேபிளில் ஒரே தடித்த கோட்டில் ஓர் உரலும், அதன் குழியில் நிற்கும் குழவியும், கீழே பெயரும் மாத்திரம். இட்லிப் பொடிக்குச் செங்காவி, பருப்புப் பொடிக்கு மஞ்சள், கறிவேப்பிலைப் பொடிக்குப் பச்சை என்று வர்ணம் மட்டும் மாறும், உருவம் மாறாது. இதே உரலை ரப்பர் ஸ்டாம்பாகவும் செய்துகொண்டு, அட்டைப் பெட்டிகளின்மேல் தம் கையாலேயே குத்தி அனுப்புகிறார். பெட்டிக்குத் தனியாக அச்சுக் கூலி இல்லாமற் போயிற்று.

லேபிளின் பின்பக்கம் கலைக்கு உரிய இடமன்று, சட்டத்துக்கு உரிய இடம். சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எத்தனை நாளைக்குள் உபயோகிக்க வேண்டும் என்ற விவரம், எல்லா வரிகளும் அடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளரின் முகவரி, குறைகளைத் தெரிவிக்க வேண்டிய தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், சைவ உணவு என்பதற்கான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் ஆகிய இவையெல்லாம் படிக்கக்கூடிய அளவில் இருந்தாக வேண்டும். முன்பக்கத்தை நிரப்பிவிட்டு, இவற்றைக் கடைசி நிமிஷத்தில் எங்கேயோ செருகுவதால்தான் பல லேபிள்கள் மூச்சுத் திணறுகின்றன. முதலில் இவற்றுக்கு இடம் ஒதுக்குங்கள், மிச்சமிருப்பதே அலங்காரத்துக்கு.

தமிழ் எழுத்தை அச்சேற்றுவதில் உள்ள ஒரு நுட்பத்தை டிசைன் செய்கிறவர்கள் பலரும் கவனிப்பதில்லையே என்பது என் நெடுநாளைய ஆதங்கம். நம் எழுத்துகளில் சுழிகள் அதிகம். ‘ண’, ‘ஞ’, ‘இ’ முதலியவற்றின் உள்ளே இருக்கிற சிறு வெளிகள், மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் மை சற்றே பரவினாலும் அடைபட்டுவிடும். வர்ணப் பின்னணியில் வெள்ளையாக எழுத்தை விடும்போது ஆபத்து இரட்டிப்பாகிறது; நான்கு வர்ணங்களும் சேர்ந்து உருவாகும் பின்னணியில், ஒரு வர்ணம் மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்து மங்கிக் குழம்பிப் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, புள்ளி. மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி எழுத்தின் ஓர் அங்கம். அது மறைந்தால் ‘கல்’ என்பது ‘கல’ ஆகிவிடும். ஆகையால் சிறிய தமிழ் எழுத்தைக் கறுப்பு என்ற ஒரே வர்ணத்தில், வெளிர்நிறத் தாளின்மேல், சற்றுப் பெரிய அளவிலேயே வையுங்கள். சுழி திறந்தும் புள்ளி பருத்தும் இருக்கிற எழுத்துருவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலப் பெயருக்குப் பொருந்திய அளவையே தமிழுக்கும் கொடுத்துவிட்டு, அது தெளிவாக இல்லை என்று தமிழின்மேல் குறை சொல்வது நியாயமாகாது.

வர்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. திரையில் தெரிவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளின் சேர்க்கை. தாளில் விழுவதோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளின் சேர்க்கை. செல்போனில் மின்னுகிற கிளிப்பச்சையும் அடர்ந்த நீலமும் தாளுக்கு வரும்போது ஒளியிழந்து, நீலம் ஊதாவாகத் தோன்றுவதும் இதனால்தான். இது அச்சகத்தாரின் அசிரத்தையால் நேர்வதென்று நினைத்து அவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கடைக்கு என்று ஒரு வர்ணத்தைத் தீர்மானிக்கும்போது, அச்சகத்தில் உள்ள அச்சடித்த ஷேட் கார்டைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துத் தீர்மானித்து, அந்த நான்கு மைகளின் சதவிகிதத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வர்ணத்தில் வேலையை முடிப்பதாக இருந்தால், அந்த மையையே தனியாகக் கலக்கச் சொல்லிவிடலாம். அது அவ்வளவு எளிதில் பிறழாது.

தாளையும் எண்ணிக்கையையும் பொறுத்தமட்டில் கணக்கு எளியது. பில் புத்தகத்துக்கு 60 அல்லது 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), லெட்டர் பேடுக்கு 80 முதல் 100, விசிட்டிங் கார்டுக்கு 300 அளவிலான ஆர்ட் கார்டு என்பது நம் ஊர் அச்சகங்களின் சாதாரண வழக்கம். ஆப்செட்டில் பிளேட் போடுவதற்கும், மிஷினைச் சரிபார்த்து ஓடவிடுவதற்கும் ஆகிற செலவு, நூறு தாள் அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஒன்றின் விலை இறங்கும். டிஜிட்டலில் பிளேட் இல்லை. ஐம்பதோ நூறோ வேண்டுமானால் அதுவே சௌகரியம். ஒரு லேபிளைச் சந்தையில் பார்த்து அனுபவம் பெறுமுன், விலை மலிவு என்பதற்காகப் பத்தாயிரம் அடித்து அடுக்கிவிடாதீர்கள். முதலில் டிஜிட்டலில் இருநூறு; சரக்கு நிலைத்த பிறகு ஆப்செட். வெட்டும்போது ஓரம் வெள்ளையாகத் தெரியாதிருக்கச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வர்ணம் விட வேண்டும் என்பதையும், புகைப்படங்கள் அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது கொண்டிருக்க வேண்டும் என்பதையும் டிசைனரிடம் நினைவுபடுத்துங்கள். வாட்ஸாப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கி அடிக்கச் சொல்வது பிரயோஜனமில்லாத வேலை.

மிகவும் வருத்தத்தோடு நான் அடிக்கடி காண்கிற ஒரு நஷ்டம் உண்டு. பல வருஷங்களாக நல்ல முறையில் நடக்கிற ஒரு கடையின் சின்னம், அதன் சொந்தக்காரரிடமே இருப்பதில்லை. பழைய விசிட்டிங் கார்டைக் கொண்டுவந்து நீட்டி, ‘இதைப் பார்த்து வரைஞ்சுக்கோங்க’ என்பார். மூல ஃபைல் ஏதோ ஒரு டிடிபி சென்டரின் பழுதான கம்ப்யூட்டரோடு போயிருக்கும். ஆளுக்கு ஆள் பார்த்து வரைந்ததில், சின்னம் யானை என்றால் அதன் தும்பிக்கை வலப்பக்கம் திரும்பியும், எழுத்து வேறாகியும், பத்து வருஷத்தில் சின்னம் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டிருக்கும். ஆகையால் வேலை முடிந்து பணம் கொடுக்கிற அன்றே, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைலை, எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிய பிரதி ஒன்றும் மாற்றாத பிரதி ஒன்றுமாகக் கேட்டு வாங்கி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். நம் அச்சகங்களில் பழைய தமிழ் எழுத்துருக்களும் யூனிகோடு எழுத்துருக்களும் கலந்து புழங்குவதால், கர்வ்ஸாக மாற்றாத தமிழ் இன்னொரு கம்ப்யூட்டரில் குறிகளாகச் சிதறிவிடக்கூடும். சின்னத்தின் உரிமை முழுவதும் உங்களுக்கு உரியது என்று டிசைனரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்வதும் மரியாதைக் குறைவாகாது; நான் கேட்காமலே கொடுத்துவிடுகிறேன்.

வியாபாரம் காலூன்றியதும் சின்னத்தைப் பதிவு செய்யுங்கள். 1999-ஆம் ஆண்டு வியாபாரச் சின்னச் சட்டத்தின்படி பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். சரக்குகளும் சேவைகளும் 45 வகைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மசாலாப் பொடி 30-ஆம் வகையில் வருகிறது. தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் வகை ஒன்றுக்கு 4,500 ரூபாய். ‘சுத்தமான பொடி’ என்பது போல் சரக்கின் குணத்தை மட்டும் சொல்லும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம்; ஓர் உரலுக்கோ மானுக்கோ அவ்வளவு தடையிராது. எளிமையான சின்னத்துக்கு இப்படியும் ஒரு லாபம் இருக்கிறது.

மஞ்சள் பையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை நிறைவு செய்ய எனக்கு மனமில்லை. ஒரு ஜவுளிக் கடையின் பெயரும் ஊரும் சிவப்பு மையில் ஸ்கிரீன் பிரிண்டிங்காக ஏறிய அந்தக் காடாத் துணிப் பை, கல்யாண ஜவுளியோடு வீட்டுக்கு வந்து, பிறகு சந்தைக்கும் பேருந்துக்கும் ரேஷன் கடைக்கும் வருஷக்கணக்காக உழைத்தது. ஒரே தடவை ஒரே வர்ணத்தில் அச்சிட்ட விளம்பரம், துணி நைந்து போகிற வரையில் ஊரெல்லாம் நடந்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு தடவை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும், 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை ஆரம்பித்ததும் சிறு வியாபாரிகளுக்குக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம் என்று கருதுகிறேன். கடைவாசலில் ஒரு மழைக்காலத்துக்குள் வெளுத்துப் போகும் ஃப்ளெக்ஸுக்குக் கொடுக்கிற பணத்தில் கொஞ்சம் துணிப் பைக்குப் போகட்டும்.

கையில் உள்ள சொற்பப் பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை இது. முதலாவதாகச் சின்னம், அது முக்கால் அங்குல ரப்பர் ஸ்டாம்பில் தெளிவாக விழுகிற வரையில் அடுத்த செலவுக்குப் போக வேண்டாம். இரண்டாவதாக, வாடிக்கையாளரின் கையில் தினமும் சேர்கிற பில்லும் லேபிளும். மூன்றாவதாக, தமிழ் முதலிடத்தில் பெரிதாக நிற்கிற பெயர்ப் பலகை. நான்காவதாகப் பை. விசிட்டிங் கார்டு, பிட் நோட்டீஸ், காலண்டர் எல்லாம் அதன் பிறகு.

அச்சேறுகிற நாளன்று ஒரு மணி நேரம் ஒதுக்கி நீங்களே அச்சகத்துக்குப் போங்கள். மிஷினிலிருந்து வரும் முதல் நல்ல தாளைக் கையில் வாங்கி, விலையையும் போன் நம்பரையும் ஒருமுறை உரக்கப் படித்து, புள்ளிகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்து, அதில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மிஷின்மேன் அந்தத் தாளை எதிரே வைத்துக்கொண்டுதான் மற்றவற்றை ஓட்டுவார். சொந்தக்காரர் நேரில் வந்து சிரத்தையோடு பார்க்கிற வேலையை எங்கள் தொழிலில் இருப்பவர்களும் கூடுதல் சிரத்தையோடு செய்கிறோம் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அதற்கு யாரும் தனிக் கூலி வாங்குவதில்லை.